சிக்கிள் செல் குழந்தையை வளர்க்கும் வீடுகளுக்கு: வாசகர் கேள்வி - பதில்

ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் சிக்கிள் செல். அந்த நோயுள்ள குழந்தைகளின் பெற்றோரும் உறவினரும் எழுதிய கடிதங்களில் அடிக்கடி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே தரும் மருந்தளவுகள் பொதுவானவை. உங்கள் குழந்தையின் சீட்டில் டாக்டர் வேறாக எழுதியிருந்தால் அவர் எழுதியபடியே கொடுங்கள்.

கேள்வி: எட்டு மாதப் பெண் குழந்தைக்கு இரண்டு கைகளும் பாதங்களும் வீங்கி ஓயாமல் அழுதாள். பரிசோதித்துவிட்டு சிக்கிள் செல் என்கிறார்கள். எனக்கோ கணவருக்கோ ஒரு நோயும் கிடையாது. பிறந்தபோது நன்றாகத்தானே இருந்தாள்? யார் வழியில் வந்தது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

இரண்டு பேர் வழியிலும்தான் வந்திருக்கிறது. ஒருவர் மட்டும் இந்த நோயைக் கொடுக்கவே முடியாது. நீங்கள் இருவரும் கேரியர், அதாவது ஆளுக்கு ஒரு நல்ல மரபணுவும் ஒரு பழுதான மரபணுவும் வைத்திருப்பவர்கள். கேரியருக்குப் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது என்பதால் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கிறது. சில சமயம் ஒருவர் சிக்கிள் கேரியராகவும் மற்றவர் பீட்டா தலசீமியா என்ற இன்னொரு பரம்பரை ரத்த நோயின் கேரியராகவும் இருப்பார்கள். அப்போதும் குழந்தைக்கு நோய் வரலாம். அதனால் இருவருமே ஹெச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோபோரசிஸ் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தத்தைக் கரைசலில் விட்டுக் கலங்குகிறதா என்று பார்க்கும் துரிதச் சோதனை மட்டும் போதாது. அது கேரியரையும் நோயாளியையும் பிரித்துக் காட்டாது, தலசீமியாவைக் கண்டுபிடிக்காது, பச்சிளங்குழந்தையிடம் தவறவும் விடும்.

கருவில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கும். அதற்கு இந்தப் பழுது இல்லை. பிறந்து ஐந்தாறு மாதத்தில் அது குறையக் குறைய, பழுதான ஹீமோகுளோபின் அந்த இடத்தைப் பிடிக்கிறது. கை, கால் வீக்கம்தான் பல குழந்தைகளுக்கு முதல் அறிகுறி. அடிபட்டதாகவும் விஷக்கடியாகவும் நினைத்து நாட்களைக் கடத்திவிடுகிறார்கள்.

அடுத்த குழந்தையைப் பற்றி இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25 சதவீதம், கேரியர் ஆக 50 சதவீதம், இரண்டும் இல்லாமல் பிறக்க 25 சதவீதம் வாய்ப்பு. ‘ஒருத்திக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது’ என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது. கர்ப்பம் 10 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியிலிருந்து சிறு மாதிரி எடுத்துப் பார்க்க முடியும். கருவுற்றபின் தேடி அலைவதைவிட, அதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார்கள். எல்லாக் குழந்தைக்கும் காய்ச்சல் வருகிறது. ஒரு நாள் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கக்கூடாதா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ரத்தத்தில் நுழையும் கிருமிகளை வடிகட்டுவது மண்ணீரல். வளைந்த சிவப்பணுக்கள் அதன் நுண்குழாய்களில் அடைத்து அடைத்து, முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே அதைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. அதன்பின் நிமோகாக்கஸ் போன்ற கிருமி ரத்தத்தில் புகுந்தால், காலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை மாலையில் உயிருக்குப் போராடும் நிலைக்கு வந்துவிடலாம். தடுப்பூசி எல்லாம் போட்டிருந்தாலும், தினமும் பெனிசிலின் குடித்தாலும் இந்த விதி மாறாது.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு இருக்கட்டும். ஒன்றின் பேட்டரி இரவு பார்த்துத்தான் தீரும். தொட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். 38.5 டிகிரி செல்சியஸ், அதாவது 101.3 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டால் நேரம் எதுவானாலும் கிளம்புங்கள். சில மருத்துவமனைகள் இன்னும் குறைந்த அளவைச் சொல்லும். உங்களுக்குச் சொன்ன எண்ணை எழுதி ஒட்டிவையுங்கள். அக்குளில் வைத்தால் உண்மையான சூட்டைவிடக் குறைவாகக் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். முதலில் அளவெடுங்கள், நேரத்தோடு குறியுங்கள், அதற்குப் பிறகுதான் பாராசிட்டமால். மருந்து கொடுத்துச் சூடு இறங்கினாலும் பயணத்தை நிறுத்தாதீர்கள், மருந்து கிருமியைக் கொல்வதில்லை.

அங்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கையும், ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும் எடுத்து, செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக்கை ஊசியாகப் போடுவார்கள். கல்ச்சர் முடிவு வரும்வரை ஊசியைத் தள்ளிப்போடமாட்டார்கள். குழந்தை தெளிவாக இருந்தால் சில இடங்களில் வீட்டுக்கு அனுப்பி மறுநாள் வரச் சொல்வதுண்டு.

வரிசையில் காத்திருக்க வைத்தால்? அதற்காக ஒரே ஒரு தாள் தயாராக இருக்க வேண்டும். நோயின் வகை, வழக்கமான ஹீமோகுளோபின் அளவு, வழக்கமான ஆக்ஸிஜன் அளவு, மண்ணீரல் வழக்கமாக எவ்வளவு தட்டுப்படும், எடை, ரத்த வகை, ஒவ்வாமை, தினசரி மருந்துகள், பார்க்கும் டாக்டரின் எண். கவுன்டரில் ‘குழந்தைக்குக் காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் முப்பதாவது ஆளாக உட்கார வைப்பார்கள். ‘சிக்கிள் செல் நோய், காய்ச்சல் 38.7, மண்ணீரல் வேலை செய்யாது, ஒரு மணி நேரத்துக்குள் ஊசி வேண்டும்’ என்று சொல்லுங்கள். ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கிறவர்கள், வழியில் முதல் ஊசியை எங்கே போடலாம் என்று நல்ல நாளிலேயே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: மண்ணீரலைத் தினமும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எங்கே, எப்படி என்று சரியாகப் புரியவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது.

ரத்தம் திடீரென மண்ணீரலுக்குள் தேங்கிக்கொண்டால் வயிறு இடதுபக்கம் புடைக்கும், குழந்தை வெளுக்கும், சில மணி நேரத்தில் மயக்கநிலைக்குப் போகும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை இது அதிகம். ஒருமுறை வந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. வீட்டிலேயே கண்டுபிடிக்கும் பெற்றோரால் பிழைத்த குழந்தைகள் பலர்.

குழந்தை மல்லாந்து படுக்கட்டும், முழங்கால்கள் சற்று மடங்கியிருக்கட்டும். அழும்போது வயிறு இறுகிவிடும், எனவே தூங்கும்போது அல்லது டயப்பர் மாற்றும்போது பாருங்கள். உங்கள் கை சூடாக இருக்க வேண்டும். குழந்தையின் இடது அடிவயிற்றில், தொப்புளுக்கும் கீழே, விரல்களைத் தட்டையாக வையுங்கள், விரல் நுனியால் குத்தாதீர்கள். மெல்ல அழுத்திக்கொண்டே ஒரு விரல் அகலம், ஒரு விரல் அகலமாக இடது விலா எலும்பின் ஓரத்தை நோக்கி மேலேறுங்கள். மேலிருந்து ஆரம்பிப்பதுதான் பலரும் செய்கிற தவறு. மண்ணீரல் ரொம்பப் பெரிதாக இருந்தால் கை அதன் மேலேயே உட்கார்ந்துவிடும், விளிம்பு தட்டுப்படாது. மூக்கு நுனியைப் போல உறுதியாக, வழவழப்பாக ஒன்று விரலில் வந்து இடித்தால் அதுதான் விளிம்பு.

விலாவிலிருந்து எத்தனை விரல் என்பதைத் தினமும் குறித்துவையுங்கள். தட்டையான ஐஸ் குச்சி ஒன்றை விலா ஓரத்தில் வைத்து, விளிம்பு வரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால் வீட்டில் யார் பார்த்தாலும் ஒரே அளவு வரும். சில குழந்தைகளுக்கு எப்போதுமே ஒரு விரல் தட்டுப்படும், அது அவர்களுக்கு வழக்கம். கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தாலோ, உதடும் உள்ளங்கையும் வெளுத்துக் குழந்தை சோர்ந்திருந்தாலோ போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். அடுத்த முறை போகும்போது டாக்டர் உங்கள் கைமேல் கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. அப்படிக் கேட்கும் பெற்றோரைத்தான் டாக்டர்களுக்குப் பிடிக்கும்.

கேள்வி: பெனிசிலின் சிரப்பை எத்தனை வயது வரை கொடுக்க வேண்டும்? நன்றாக இருக்கும் குழந்தைக்கு எதற்கு?

நன்றாக இருப்பதற்காகத்தான். வழக்கமாக இரண்டு, மூன்று மாத வயதில் ஆரம்பிப்பார்கள். பல இடங்களில் 3 வயது வரை வேளைக்கு 125 மில்லிகிராம், பிறகு 250 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. குறைந்தது 5 வயது வரை. மண்ணீரலை அகற்றியவர்களும், கடும் நிமோகாக்கஸ் தொற்று வந்தவர்களும் அதற்குப் பிறகும் தொடர்வார்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு எரித்ரோமைசின் உண்டு. பவுடரில் தண்ணீர் கலந்த சிரப்பு ஃபிரிட்ஜில் இருந்தாலும் லேபிளில் போட்ட நாட்களுக்குமேல் வீரியம் இழந்துவிடும், கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். வெளியூர் போகும்போதுதான் வேளைகள் தவறுகின்றன. மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டு வைத்துக்கொண்டால் பயணத்துக்கு வசதி.

கேள்வி: வலி வரும்போது வீட்டில் எவ்வளவு நேரம் சமாளிக்கலாம்? ஆஸ்பத்திரியில் மார்ஃபின் போடுவதால் பழக்கமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. போனில் விளையாடிக்கொண்டே ‘வலிக்கிறது’ என்கிறான், நம்பவும் முடியவில்லை.

நம்புங்கள். நெடுநாள் வலியோடு வாழும் குழந்தை விளையாடிக்கொண்டே வலியைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. சிரிக்கிறான் என்பதால் வலி இல்லை என்றாகாது.

முதல் வேலை தண்ணீர். அடுத்தது வெதுவெதுப்பு, துணியில் சுற்றிய சூட்டுப் பை. ஐஸ் வைக்கவே கூடாது, குளிர் ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பைக் கூட்டும். மருந்தில் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மில்லிகிராம், சாப்பிட்டபின், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, வாந்தி பேதியால் உடல் வறண்டிருந்தாலோ ஐபுபுரூஃபன் வேண்டாம். ஆஸ்பிரினைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

தப்பு நடப்பது மில்லிகிராமுக்கும் மில்லிக்கும் நடுவில்தான். 20 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் 300 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பானால் அது 12.5 மில்லி. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதானால் 6 மில்லிதான். பாட்டில் மாறும்போது கணக்கும் மாறும். முதல் ஒரு நாள் வலி திரும்பும்வரை காத்திருக்காமல் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். ஆனால் மருந்து கொடுப்பதற்கு முன் தெர்மாமீட்டர், ஏனென்றால் இரண்டு மருந்துமே காய்ச்சலை மறைக்கும்.

மருந்து கொடுத்து ஓரிரு மணி நேரத்தில் வலி இறங்காவிட்டால் கிளம்பலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், காய்ச்சல், கடும் தலைவலி, கை கால் பலவீனம், வயிறு புடைப்பு இவற்றில் ஒன்று இருந்தால் ஓரிரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம்.

போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் வலி மருந்து கிடைக்க வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. கடும் வலிக்கு மார்ஃபின் வகைதான் மருந்து. சில நாள் கொடுத்து அளவைப் படிப்படியாகக் குறைப்பதால் குழந்தை போதைக்கு அடிமையாவதில்லை. அந்தப் பயத்தில் குறைவாகக் கொடுத்தால் அவன் வலி தாங்காமல் மூச்சை மேலோட்டமாக விடுவான், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், நெஞ்சில் புதுத் தொல்லை கிளம்பும். அதைத் தடுக்கத்தான் பந்து மேலேறும் மூச்சுப்பயிற்சிக் கருவியைக் கொடுத்து, விழித்திருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மூச்சு இழுக்கச் சொல்கிறார்கள். அதை அவன் செய்கிறானா என்று பார்ப்பது கூட இருப்பவரின் வேலை. கருவியைப் பிடிக்கத் தெரியாத சிறு பிள்ளைக்குச் சோப்புக்குமிழி ஊதக் கொடுங்கள்.

கேள்வி: ஹைட்ராக்ஸியூரியா கேன்சர் மருந்தாமே? மூன்று வாரம் கொடுத்தும் பலனில்லை என்று நிறுத்திவிட்டோம்.

மூன்று வாரத்தில் பலன் தெரியாது, மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கேன்சருக்கும் பயன்படும் மருந்துதான், ஆனால் இங்கே அதன் வேலை வேறு. நாம் முதலில் சொன்ன அந்தக் கருவின் ஹீமோகுளோபினை மறுபடி கூட்டுகிறது. அது கூடினால் அணுக்கள் வளைவது குறையும், வலியும் நெஞ்சுத் தொல்லையும் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையும் குறையும். ஒன்பது மாதக் குழந்தைக்கே ஆரம்பிக்கலாம் என்பது இன்றைய வழிகாட்டுதல். வழக்கமான தொடக்கம் நாளைக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம். ரத்த எண்ணிக்கை தாங்கும்வரை படிப்படியாக உயர்த்தி, அதிகபட்சம் 35.

ஆரம்பத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நிலைப்பட்டபின் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தே தீர வேண்டும். வெள்ளையணு மிகவும் குறைந்தால் சில நாள் நிறுத்தி, குறைந்த அளவில் தொடங்குவார்கள். இது எதிர்பார்த்த விஷயம்தான், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தமில்லை. பலனில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள் மறந்தவர்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். கேப்ஸ்யூலை வெறும் கையால் திறக்க வேண்டாம், கர்ப்பிணி தொடவே வேண்டாம். நகம் கறுக்கலாம், பயமில்லை. வலி வந்த அன்று மட்டும் போடும் மாத்திரையல்ல இது.

கேள்வி: ரத்தசோகைதானே, இரும்புச்சத்து டானிக் கொடுக்கலாமா?

வேண்டாம். இங்கே ரத்தம் குறைவது இரும்பு இல்லாததால் அல்ல. சாதாரணமாக 120 நாள் வாழும் சிவப்பணு 10 முதல் 20 நாளில் உடைகிறது, அதனால்தான். உடைந்த அணுவின் இரும்பு உடம்பிலேயே மிஞ்சுகிறது, ரத்தம் ஏற்றினால் இன்னும் சேர்கிறது. பரிசோதனையில் இரும்புக் குறைபாடு நிரூபணமானால் மட்டுமே கொடுக்கலாம். ஃபோலிக் ஆசிட் வேறு, அதை டாக்டர் எழுதினால் கொடுங்கள்.

கேள்வி: ஏழு வயதுப் பையன் படுக்கையை நனைக்கிறான். பள்ளியில் அடிக்கடி வெளியே போகக் கேட்கிறான் என்று ஆசிரியர் புகார் செய்கிறார். சாயங்காலத்துக்குமேல் தண்ணீரைக் குறைக்கலாமா?

குறைக்காதீர்கள். அவன் சோம்பேறித்தனத்தால் நனைப்பதில்லை. அவனுடைய சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டிப்படுத்த முடியாது. நீர்த்த சிறுநீராக நிறைய போகிறது, அதனால் உடம்பு சீக்கிரம் வறள்கிறது, வறண்டால் அணுக்கள் வளைகின்றன. 20 கிலோ குழந்தைக்கு எல்லாப் பானங்களும் சேர்த்து நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டேகால் லிட்டர் வேண்டும், வெயில் நாளில் இன்னும் கூட. இரவில் ஒருமுறை எழுப்பிவிடுங்கள், நீர் புகாத விரிப்பு போடுங்கள், அடிப்பதோ மற்ற பிள்ளைகள் முன் சொல்வதோ வேண்டாம்.

பள்ளிக்கு டாக்டர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். அதில் ஐந்து விஷயம் போதும்: மேஜையில் தண்ணீர் பாட்டில், கேட்டவுடன் கழிவறை, விளையாட்டில் அவனே நிறுத்திக்கொள்ளும் உரிமை, குளிரிலும் ஈரத்துணியிலும் நிற்கவைக்கக்கூடாது, காய்ச்சலோ வலியோ வந்தால் உடனே உங்களுக்குப் போன். விளையாட்டே வேண்டாம் என்று எழுதாதீர்கள். ஓடட்டும், நடுவில் நின்று தண்ணீர் குடிக்கட்டும். நீச்சலுக்குப் பின் உடனே துடைத்து உலர்ந்த துணி மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து ‘தொற்று மஞ்சள் காமாலை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் பள்ளிகளும் உண்டு. அணு உடைவதால் வரும் மஞ்சள் தொற்றாது என்பதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மகளின் மதிப்பெண் திடீரென்று சரிகிறது. நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம், ஆராய வேண்டும். வெளியே தெரியாத சிறு மூளை அடைப்புகள் கவனத்தையும் நினைவையும் பாதிக்கும். எம்.ஆர்.ஐ. பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வலியால் விடுபட்ட வகுப்புகளும் காரணமாகலாம், இரண்டையும் பாருங்கள்.

பக்கவாதத்தைத் தடுக்க 2 முதல் 16 வயது வரை ஆண்டுக்கு ஒருமுறை டி.சி.டி. என்ற தலை டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஊசி கிடையாது, வலி கிடையாது, விழித்திருந்து அசையாமல் படுத்தால் போதும். ரத்த ஓட்ட வேகம் வினாடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் ஆபத்து அதிகம். அத்தகைய குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் ஏறக்குறைய 90 சதவீதம் குறைகிறது என்று 1998-ல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவு பலன் தரும் சோதனை இந்த நோயில் வேறு அதிகம் இல்லை, ஆனாலும் இதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது தெரிந்தால் அது தானாகச் சரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: பதினொரு வயது மகனுக்கு என்னென்ன சொல்லிவைக்க வேண்டும்? (அப்பா ஒருவர்)

யாரும் சொல்லாத ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். ஆணுறுப்பு காரணமில்லாமல் விறைத்து, வலித்து, இறங்காமல் இருப்பதும் இந்த நோயின் ஒரு பகுதி, பெரும்பாலும் விடியற்காலையில் வரும். பையன்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் நிரந்தரச் சேதம் ஏற்படலாம். தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, வெந்நீரில் குளித்து, சற்று நடக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் இறங்காவிட்டால் நள்ளிரவானாலும் உங்களை எழுப்ப வேண்டும், திட்டு விழாது என்று முன்கூட்டியே அவனிடம் சொல்லிவையுங்கள். வயதுக்கு வருவது ஓரிரு ஆண்டு தாமதமாகும் என்பதும் அவனுக்குத் தெரியட்டும். 10 வயதிலிருந்து விழித்திரைப் பரிசோதனையும் உண்டு.

கேள்வி: முழுவதும் குணமாக்க வழியே இல்லையா?

உண்டு, எல்லோருக்கும் கைக்கெட்டுவதாக இன்னும் இல்லை. பொருந்தும் உடன்பிறப்பிடமிருந்து எலும்பு மஜ்ஜை மாற்றுவதுதான் அதிக அனுபவம் உள்ள வழி. ஒரு உடன்பிறப்பு முழுதாகப் பொருந்த 25 சதவீதம் வாய்ப்பு, கேரியரும் கொடுக்கலாம். சிறு வயதில் செய்தால் பலன் அதிகம் என்பதால் உடன்பிறப்புகளின் மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்கும் ஹெச்.எல்.ஏ. சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இரண்டு மரபணு சிகிச்சைகள் அனுமதி பெற்றன. அவற்றிலும் கடும் கீமோதெரபி உண்டு, கருவுறும் திறன் பாதிக்கப்படலாம். எந்தச் சிகிச்சைக்குப் போவதானாலும் அதைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள்.

கேள்வி: என் தங்கையின் மகனுக்கு இந்த நோய். அவள் உடைந்துபோயிருக்கிறாள். ‘ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்’ என்கிறேன், அவள் எதுவும் கேட்பதில்லை. பெரியம்மாவாக நான் என்ன செய்யலாம்?

அவளுக்கு யோசித்துக் கேட்கவும் தெம்பு இருக்காது. வேலையை நீங்களே தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள். மண்ணீரல் பார்க்கவும், தெர்மாமீட்டர் வைக்கவும், மருந்தளவு கணக்கிடவும் கற்றுக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்த இரண்டாவது ஆள் வீட்டில் இருந்தால்தான் அவள் ஒரு ராத்திரி தூங்க முடியும். ஹைட்ராக்ஸியூரியா ரத்தப் பரிசோதனை, டாப்ளர், தடுப்பூசி, கண் பரிசோதனை ஆகியவற்றின் தேதிகளை ஒரு காலண்டரில் எழுதி நினைவூட்டும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு உடுப்பு, போர்வை, சார்ஜர், அந்த ஒரு பக்கத் தாள், சில்லறைப் பணம் இவற்றோடு ஒரு பை கதவருகே எப்போதும் தயாராக இருக்கட்டும்.

நோயில்லாத பிள்ளையை மறந்துவிடாதீர்கள். நோயுள்ள பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அந்தப் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அழைத்து வந்து, வழக்கமான நேரத்துக்குத் தூங்கவைப்பது பெரிய உதவி. பார்க்க வரும்போது இருமலோ சளியோ இருந்தால் அன்றைக்கு வராதீர்கள். தங்கை நாள் முழுக்க அழுகிறாள், சாப்பிடவோ தூங்கவோ இல்லை என்று இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் அவளுக்கும் மருத்துவ உதவி தேவை, அழைத்துக்கொண்டு போங்கள்.

உறவினர்கள் ரத்தம் கொடுக்க முன்வந்தால் ஒரு எச்சரிக்கை: பையனுக்கு மஜ்ஜை மாற்றம் செய்யும் வாய்ப்பு இருந்தால் நெருங்கிய ரத்த உறவுகளின் ரத்தத்தை அவனுக்கு ஏற்றக்கூடாது, பின்னால் மஜ்ஜை ஒட்டாமல் போக அது காரணமாகலாம். அவர்கள் ரத்த வங்கியில் பொதுவாகக் கொடுக்கட்டும். அவனுக்கு ஏற்றும் ரத்தத்தை ஏ, பி, ஆர்.எச். டி மட்டுமல்லாமல் சி, ஈ, கெல் வகைகளுக்கும் பொருத்திப் பார்க்கச் சொல்லி வங்கியிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள்.